காசிக்குப் போக நினைக்கும் சகோதரிகளுக்கு

"கண் மூடுமுன் ஒருக்கால் காசிக்குப் போய் வரவேணும்" என்ற சொல்லை எமது கிராமங்களில் அடிக்கடி கேட்கலாம். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே 1984 வரை கப்பல் ஓடியது. அக்காலத்தில் எமது பாட்டன் பாட்டிமாரிற் சிலர் இராமேஸ்வரத்தில் நீராடி, அங்கிருந்து காசிவரை புகையிரதத்தில் போய் வந்தார்கள். பின்னர் போர் வந்தது. கடல்வழி அடைபட்டது. யாத்திரை என்ற நினைப்பே பலருக்கு மறந்துபோனது.

இன்று அந்த ஆசை மீண்டும் எழுந்திருக்கின்றது. ஆனால் போரினாற் பாதிக்கப்பட்ட பெண்களிடம் அது வெறும் ஊர் பார்க்கும் ஆசையல்ல. இடம்பெயர்ந்து ஓடிய வேளையில் கணவனுக்கோ பிள்ளைக்கோ அந்தியேட்டி செய்யமுடியாமற் போன தாய்மார் எம்மிடையே அநேகர். செய்யாமல் விட்ட கடன் ஒன்று நெஞ்சில் கிடப்பதாக அவர்கள் சொல்கின்றார்கள். ஆகவே, இப்பயணத்தை நன்கு யோசித்துத் திட்டமிட வேண்டும்.

காசி எப்படிப்பட்ட ஊர்?

வாரணாசி என்றும் பனாரஸ் என்றும் சொல்லப்படும் காசி, இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் உள்ளது. இவ்விடத்தில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகின்றது. கரை நெடுகிலும் 84 படித்துறைகள் உள்ளன. மணிகர்ணிகை, அரிச்சந்திர படித்துறை ஆகிய இரண்டிலும் இரவு பகலாகச் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும். போரில் கோரமான மரணங்களைக் கண்டவர்களுக்கு இக்காட்சி பழையவற்றைக் கிளறக்கூடும். அங்கே போகத்தான் வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. மனம் தாங்காது என்று தோன்றினால் தவிர்த்துவிடுங்கள்.

மொழி தெரியாத ஊர் என்று பயப்படவும் வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் கேதார படித்துறை அருகில் இன்றும் இருக்கின்றது. அனுமன் படித்துறைப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பாரதியாரும் 1898 முதல் சில ஆண்டுகள் தன் அத்தையின் வீட்டில் இருந்து அங்கேதான் படித்தார்.

கணவனைப் போரில் இழந்தவள் எழுப்பிய கோயில்

காசி விசுவநாதர் கோயிலின் கதையை எமது சகோதரிகள் அவசியம் அறியவேண்டும். பழைய கோயில் 1669இல் இடிக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகியபின், 1780 அளவில், இப்போதுள்ள கோயிலைக் கட்டுவித்தவர் அகல்யாபாய் ஓல்கார் என்ற பெண். 1754இல் நடந்த போரொன்றில் அவருடைய கணவர் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. உடன்கட்டை ஏற முனைந்தவரை மாமனார் தடுத்தார். பின்னர் மாமனாரும் ஒரே மகனும் இறந்துபோக, 1767 முதல் 1795இல் இறக்கும்வரை நாட்டை அவரே ஆண்டார். கயாவிலுள்ள விஷ்ணுபாதக் கோயிலையும் அவரே திருப்பிக் கட்டுவித்தார்.

நல்ல காரியத்தில் கைம்பெண் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று எமது சமூகம் இன்றும் சொல்கின்றது. அப்படிச் சொல்பவர்களும் காசிக்குப் போனால் ஒரு கைம்பெண் கட்டிய கோயிலில்தான் கும்பிடுகின்றார்கள்.

யாருக்காக, எதற்காக?

பயணத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்குமுன் இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள். இறந்தது உறுதியானவருக்குப் பிண்டம் போட்டு எள்ளும் தண்ணீரும் இறைப்பது ஆறுதல் தரும். ஆனால், காணாமலாக்கப்பட்டவரின் மனைவியோ தாயோ என்ன செய்வது?

நான் பணிபுரியும் பகுதியில் ஒரு தாய்க்கு இந்தச் சிக்கல் வந்தது. 2009இல் அவருடைய கணவர் காணாமற்போனார். "காசியிற் பிண்டம் போட்டு எல்லாத்தையும் முடிச்சுப்போட்டு வாங்கோ அண்ணி" என்று கணவரின் தம்பி வற்புறுத்தினார். அவருக்கோ மனம் இடங்கொடுக்கவில்லை. பல நாள் யோசித்து, "நான் போவன். பிண்டம் போடமாட்டன். அவற்றை பேர் நட்சத்திரம் சொல்லி அருச்சனை செய்துபோட்டு வருவன்" என்றார். இன்னொரு தாய் இதே நிலையில் பிண்டம் போட்டே மனம் ஆறக்கூடும். இரண்டும் சரியே. முடிவு அந்தப் பெண்ணுடையதாக இருக்கவேண்டும். மைத்துனரோ ஐயரோ அயலவரோ அதைத் தீர்மானிக்கக்கூடாது. சட்டமும் இதை ஓரளவு ஏற்றுள்ளது. மரணச் சான்றிதழ் பெற விரும்பாதவர்களுக்காகக் காணாமற்போனமைக்கான சான்றிதழை வழங்கும் ஏற்பாடு 2016இல் கொண்டுவரப்பட்டது.

கிரியையைத் தன் கையாலேயே செய்ய விரும்பும் பெண், அதனைச் செய்விக்கச் சம்மதிக்கும் குருக்களை முன்கூட்டியே விசாரித்து அறிவது நல்லது. காசிக்குப் போக வசதியில்லாதவர்கள் மனம் வருந்தவேண்டாம். கீரிமலையும் பாலாவியும் எமக்கு இருக்கின்றன.

கடன்பட்டுப் போகாதீர்கள்

நுண்கடனும் அடகும் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் குலைத்தன என்பது உங்களுக்குத் தெரியும். பிதிர்க்கடன் தீர்க்கப் போய்ப் பணக்கடனோடு திரும்பக் கூடாது. எட்டுப் பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, இரண்டு மூன்று வருடங்கள் மாதாமாதம் சேமியுங்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவில் கைவைக்காதீர்கள். யாத்திரை ஒழுங்கு செய்யும் நிறுவனம் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுபெற்றதா என்று பாருங்கள். சாப்பாடு, தங்குமிடம், வாகனம், கிரியைச் செலவு ஆகியவற்றில் எவையெவை கட்டணத்துள் அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கொடுக்கும் காசுக்குப் பற்றுச்சீட்டும் பெறுங்கள்.

ஆவணங்கள்

இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள் இதனை முதலில் தொடங்கவேண்டும். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகம் ஊடாகவும், தேசிய அடையாள அட்டையைக் கிராம அலுவலர் ஊடாகவும் பெறலாம். அதன் பின்னரே கடவுச்சீட்டும் இந்திய விசாவும். ஆவணங்களில் பெயரின் எழுத்துகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தால் இப்போதே திருத்துங்கள். பயணத்தின்போது கடவுச்சீட்டை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். தங்குமிடங்களில் பதிவதற்காகக் கேட்பார்கள். காட்டியபின் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிரதியொன்றை வீட்டிலும் வைத்துவிட்டுப் போங்கள்.

காலமும் கவனமும்

காசிக்குப் போக ஒக்டோபர் முதல் மார்ச் வரையான காலமே ஏற்றது. டிசெம்பர், ஜனவரியில் கடுங்குளிரும் பனிமூட்டமும் இருக்கும். புகையிரதங்கள் பல மணிநேரம் தாமதிக்கும். மே, ஜூன் மாதங்களில் வெயில் தாங்கமுடியாது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கங்கை பெருகிப் படிகளை மூடிவிடும். சென்னையிலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய ஒன்றரை நாட் பயணம். கயாவுக்கும் போவதானால் காசியிலிருந்து மேலும் சுமார் 250 கிலோமீற்றர்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருந்தையும் வைத்தியரின் துண்டையும் கைப்பையில் கொண்டுசெல்லுங்கள். உடலில் ஷெல் துண்டு உள்ளவர்கள், செயற்கைக் கால் அணிந்தவர்கள் அதுபற்றிய வைத்திய அறிக்கையும் வைத்திருந்தால், விமான நிலையச் சோதனையில் சங்கடம் குறையும். படித்துறைப் படிகள் செங்குத்தானவை, வழுக்கும். கிரியைக்குரிய தட்சிணையைத் தொடங்குமுன்னரே பேசிக்கொள்ளுங்கள். சுடலைப் பக்கத்தில் விறகுக்கென்று காசு கேட்டு நெருக்குபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். விசுவநாதர் கோயிலுக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோக முடியாது.

காசியிலிருந்து சுமார் 10 கிலோமீற்றரில், புத்தர் முதன்முதலிற் போதித்த சாரநாத் உள்ளது. தம்பதிவ யாத்திரை வரும் சிங்களத் தாய்மாரை அங்கே காணலாம். பிள்ளையை இழந்தவர்கள் அவர்களிலும் இருப்பார்கள்.

போய், திரும்பி வருவோம்

வங்காளத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் எத்தனையோ கைம்பெண்கள் காசிக்கும் விருந்தாவனத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். வீட்டுக்குப் பாரம் என்று எண்ணப்பட்ட அவர்களிற் பலர் திரும்பவேயில்லை. எங்களை யாரும் அனுப்பவில்லை. சொந்த உழைப்பில், சொந்த முடிவில் நாங்கள் போகின்றோம். காசிக்குப் போனவர்கள் தமக்குப் பிடித்த ஒரு காயையோ பழத்தையோ விட்டுவிட்டு வருவது வழக்கம். சகோதரிகளே, "என் விதிதான் அவரைக் கொன்றது" என்று உங்களை நீங்களே நோகும் பழக்கத்தையும் கூடவே கங்கையில் விட்டுவிடுங்கள். வீட்டில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்லபடி போய், சுகமாகத் திரும்பி வாருங்கள்.