கடல் கடக்கும் கைப்பேசி

முன்னாளில் வெளிநாடு செல்வோர் பணத்தை ஒரு பையிலும், கடவுச்சீட்டை மற்றொரு பையிலும், உறவினர் முகவரியைச் சிறு குறிப்பேட்டிலும் வைத்துக்கொண்டு புறப்பட்டனர். ஒன்று தொலைந்தால் மற்றொன்று கைகொடுத்தது. இன்றோ பயணச்சீட்டு, பணம், வரைபடம், முகவரி ஆகிய அனைத்தும் உள்ளங்கையளவான கைப்பேசி ஒன்றினுள் அடங்கிவிட்டன. இது பெரும் வசதியே, ஐயமில்லை. ஆயினும், சாவிகள் அனைத்தையும் ஒரே வளையத்தில் கோத்தவன் அவ்வளையத்தைத் தொலைத்தால் எல்லாக் கதவுகளுக்கும் வெளியே நிற்க நேரிடும்.

நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர், தில்லியில் ஓய்வூதியம் பெற்று வாழ்பவர், ஜெர்மனியில் கொலோன் நகரிலுள்ள தம் மகளைக் காணச் சென்றார். பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் இரயிலேறியவர், கொலோனில் இறங்கும்போது கைப்பேசியை இருக்கையிலேயே விட்டுவிட்டார். வண்டி சென்றுவிட்டது. "இறங்கியதும் கூப்பிடுங்கள், அப்பா" என்று சொல்லியிருந்த மகளின் எண் அவருக்கு மனப்பாடமில்லை. நல்வாய்ப்பாக, விசாவுக்காக மகள் அனுப்பிய அழைப்புக் கடிதம் பையில் இருந்தது. அதில் அவளுடைய எண்ணைக் கண்ட இரயில் நிலைய ஊழியர் ஒருவர் தாமே அழைத்துச் சொல்ல, ஒரு மணி நேரத்தில் மகள் வந்து சேர்ந்தாள். எனினும் தொல்லை அத்துடன் தீரவில்லை. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்கள் யாவும் இரயிலோடு போன சிம் அட்டைக்கே வரும். நாடு திரும்பி மாற்று அட்டை பெறும்வரை, தம் ஓய்வூதியப் பணத்தை இணையவழியே கையாள அவரால் இயலவில்லை.

ஆகவே, கைப்பேசி தொலைந்தாலும் நாம் தொலையாதிருக்க வழி செய்துகொண்டே புறப்படவேண்டும். அதற்கு வேண்டுவன சிலவே.

முதலாவது, ஒரு தாள். நெருங்கிய உறவினர் இருவரின் எண்கள், தங்குமிடத்தின் முகவரி, அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண், நம் வங்கியின் எண், கடவுச்சீட்டின் நகல் ஆகியவற்றைக் கைப்பேசியோடு சேராத வேறிடத்தில் வைத்தல் நன்று. கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் அதிலேயே குறித்துக்கொள்க. அது கருவியின் அடையாள எண். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது வேண்டப்படும்.

இரண்டாவது, சிம் அட்டைக்கும் ஒரு பூட்டு. திரையைப் பூட்டிவிட்டோம் என்று பலர் நிறைவடைகின்றனர். திருடன் சிம் அட்டையைக் கழற்றி வேறு கருவியில் இட்டால், நம் ஓ.டி.பி. எண்கள் அவன் கைக்குச் செல்லும். சிம் பின் எனப்படும் இரகசிய எண்ணை இட்டுவைத்தால் இது நிகழாது. மூன்று முறை தவறாக அழுத்தினால் அட்டை பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கப் பி.யு.கே. என்னும் மற்றோர் எண் தேவை. இவ்விரு எண்களையும் தொலைபேசி நிறுவனத்திடம் முன்னதாகவே கேட்டறிந்து, அதன் பின்னரே பூட்டுதல் வேண்டும்.

இனி, அயல்நாட்டில் பயன்படுத்தும் முறையைக் காண்போம். நம் எண்ணை அந்நாட்டு நிறுவனத்தின் கோபுரங்கள் வழியே இயங்கச் செய்வதற்கு ரோமிங் என்று பெயர். அதற்கான கூலியை அந்நிறுவனம் நம் நிறுவனத்திடமும், நம் நிறுவனம் நம்மிடமும் பெறும். நாம் உறங்கும்போதும் கைப்பேசி உறங்குவதில்லை. படங்களை ஏற்றியும், செயலிகளைப் புதுப்பித்தும் இணையத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். ஆதலின், உரிய கட்டணத் திட்டம் பெறாதவர்கள் டேட்டா ரோமிங்கை அணைத்துவைத்தல் வேண்டும். ஆனால் ரோமிங் வசதியை முற்றிலும் பெறாமல் சென்றால் வங்கியின் குறுஞ்செய்திகளும் வந்து சேரா. அதனைப் புறப்படுமுன் தொடங்கச் செய்து, இந்திய எண்ணைக் குறுஞ்செய்திக்கென வைத்துக்கொண்டு, இணையத்திற்கு மட்டும் அந்நாட்டுச் சிம் அட்டையையோ இ-சிம் வசதியையோ பெறுவது சிக்கனமான முறை. வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே தொடரும். எண்ணை மாற்றவா என்று அது கேட்டால் மாற்றவேண்டுவதில்லை.

நாட்டுக்கு நாடு நிலைமை வேறுபடும். சீனாவின் வழக்கமான இணையத்தில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறவா. நம் யு.பி.ஐ. முறை சிங்கப்பூர், இலங்கை, மொரீஷியஸ் போன்ற சில நாடுகளில் மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட வகையில்தான் செல்லும். கையில் சிறிது ரொக்கமும் ஓர் அட்டையும் இருத்தல் அவசியம்.

மின்னூட்டத்திலும் கவனம் வேண்டும். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. சார்ஜரின் மீது 100-240 வோல்ட் என்று பொறித்திருப்பின் அச்சமில்லை. அந்நாட்டுத் துளைக்கு ஏற்ற இணைப்பி ஒன்றிருந்தால் போதும். பவர் பேங்கைப் பெட்டியில் இட்டு விமானச் சரக்கறைக்கு அனுப்புதல் கூடாது, கைப்பையிலேயே கொண்டுசெல்லவேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி அளவுள்ளது ஏறத்தாழ 74 வாட்-மணியே. பொதுவிடத்து வை-ஃபையில் செய்தி படிக்கலாம். வங்கிக் கணக்கைத் திறவாதிருத்தல் நலம்.

இவ்வளவு செய்தும் கைப்பேசி தொலைந்துவிட்டால்? பிறர் கருவி வழியே முதலில் அதனைத் தொலைவிலிருந்து பூட்டுக. அடுத்துச் சிம் அட்டையையும், பின்னர் வங்கிச் சேவைகளையும் நிறுத்தச் சொல்லுக. உள்ளூர்க் காவல்துறையிடம் புகார் அளித்து நகல் பெறுக. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் தொலைந்த கருவியைத் தடைசெய்யும் வசதி 2023 முதல் நாடெங்கும் உண்டு. ஆயினும் அத்தடை நம் நாட்டு நிறுவனங்களின் இணைப்புகளுக்கே உரியது. வெளிநாட்டில் நாம் இட்டுவைத்த பூட்டே முதற் காவல்.

மேற்சொன்ன பெரியவர் மறுமுறையும் கொலோன் சென்று திரும்பினார். இம்முறை அவர் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கவேண்டிய தேவை நேரவில்லை. மகளின் எண்ணை அவர் மனப்பாடம் செய்துவிட்டிருந்தார்.