அதட்டாத ராணி

பெரியம்மா வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு மேலே, சன்ஷேடின் அடிப்பக்கத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது. ராத்திரியில் ஒரு பந்தத்தைக் கொளுத்திக் காட்டினால் வேலை முடிந்தது என்பது பெரியப்பாவின் கட்சி. பெரியம்மாவுக்கு மனசு வரவில்லை. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று கேட்டு வளர்ந்தவர். மருமகளும் சமீபத்தில்தான் கல்யாணமாகி வந்திருக்கிறாள். நான் போய் இறங்கியதும் கையில் டீயைக் கொடுத்து நேராக ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். "நீ படிச்சவன், சொல்லு. எரிக்கலாமா, கூடாதா?"

சாஸ்திரத்தில் வரும் குளவி இது இல்லை, பெரியம்மா. அது மண்ணில் குடுவை செய்கிற தனிக்காட்டு ராணி. ஒற்றையாகக் கட்டும், உள்ளே முட்டையிடும், பச்சைப் புழுவைக் கொட்டி மரத்துப்போகச் செய்து திணிக்கும், மூடிவிட்டுப் போய்விடும். கொட்டக் கொட்டப் புழுவே குளவியாக மாறிவிடும் என்று நாம் சொல்லிவருகிறோமே, அந்தப் புழு மாறுவதில்லை. குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடாகிறது, அவ்வளவுதான்.

ஜன்னலில் இருப்பது வேறு சாதி. செம்பழுப்பு உடம்பு, வயிற்றில் ஒரு மஞ்சள் வளையம். கூடும் மண் இல்லை, காகிதம். செடி நாரைச் சுரண்டி, மென்று, எச்சிலில் குழைத்து இழுத்த காகிதம். கண் கண்ணாக அறைகள், மேலே இருபது முப்பது குளவிகள். ரோபலிடியா மார்ஜினேட்டா என்பது பெயர். தென்னிந்தியா முழுக்க இப்படித்தான் ஜன்னல், பரண், புதர் என்று தொங்கிக்கொண்டிருக்கும். குளிர் நாடுகளில் இந்த மாதிரிக் கூடுகள் பருவத்தோடு முடிந்துபோகும். இங்கே வருஷம் பூராவும் நடக்கும்.

இந்த ஒரு குளவியை நாற்பது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். ராகவேந்திர கதக்கர். சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் படிக்கும்போதே ஜன்னலில் இந்தக் கூடுகளைப் பார்த்துப் பழகியவர். ஆனால் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் முனைவர் பட்டம் வாங்கியது மூலக்கூறு உயிரியலில், பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸைப் பற்றி. குளவி பார்ப்பது பொழுதுபோக்காகத்தான் தொடங்கியது. பிறகு பொழுதுபோக்கையே பிழைப்பாக்கிக்கொண்டு, வைரஸை விட்டுவிட்டார். நல்ல வேலையை விட்டுவிட்டுக் குளவி பின்னால் போகிறானே என்று அவர் வீட்டில் ஒரு பெரியப்பா சொல்லியிருப்பார் என்பது என் ஊகம்.

முதல் வேலை, ஒவ்வொரு குளவிக்கும் பெயிண்டில் சின்னப் பொட்டு வைத்து ஆளை அடையாளம் தெரிந்துகொள்வது. இரண்டாவது, உட்கார்ந்து எழுதுவது. யார் எவ்வளவு நேரம் சும்மா இருந்தாள், யார் யாரை அதட்டினாள், யார் வெளியே போய்த் தீனி கொண்டுவந்தாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது குளவிகள் மூன்று கூட்டமாகப் பிரிந்தன. சும்மா உட்கார்ந்திருப்பவர்கள், சண்டைக்காரிகள், தீனி தேடிகள். 1983-இல் வெளியான கட்டுரை அது.

ராணி எந்தக் கூட்டத்தில் என்று கேட்டேன். "சண்டைக்காரிதான், வேற யாரு?" என்றார் பெரியம்மா, யோசிக்காமல்.

ஆராய்ச்சிக்காரர்களும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பார்கள். மற்ற நாட்டுக் காகிதக் குளவிகளில் ராணி என்றால் கடித்து, ஏறி மிதித்து, மற்றவளை முட்டையிட விடாமல் அடக்குபவள். இங்கே ராணி சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இருந்தாள். யாரையும் அதட்டுவதில்லை. ஆனாலும் கூட்டில் முட்டையிடுவது அவள் ஒருத்திதான்.

சரி, எடுத்துப் பார்ப்போம் என்று ராணியை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே கூடு தலைகீழாகிறது. அதுவரை வேலைக்காரியாக இருந்த ஒருத்தி திடீரென்று எல்லோரையும் துரத்தித் துரத்தி அதட்ட ஆரம்பிக்கிறாள். ஒருத்தி மட்டும்தான். ராணியைத் திரும்ப வைத்தால் அவள் ஒன்றும் நடக்காத மாதிரி பழைய வேலைக்குப் போய்விடுகிறாள். வைக்காவிட்டால் ஒரு வாரம் போல ஆட்டம் போட்டு, சினைப்பை வளர்ந்து, முட்டையிடத் தொடங்குகிறாள். அதன் பிறகு அவளும் சாது. பதவிக்கு வரும்வரைதான் அந்த ஆவேசம்.

"நம்ம கவுன்சிலர் உல்டா" என்றார் பெரியப்பா, பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

தொடாமல், அதட்டாமல், தான் இருப்பதை ராணி எப்படித் தெரிவிக்கிறாள்? இங்கேதான் உயிரியலோடு கொஞ்சம் பௌதிகமும் சேர்கிறது. கூட்டை நடுவில் கம்பிவலை வைத்துப் பிரித்து, ராணியை ஒரு பக்கம் விட்டார்கள். வலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ராணி இருப்பதே தெரியவில்லை. அங்கே ஒருத்தி கிளம்பிவிட்டாள். அப்படியானால் காற்றில் மிதந்து வரும் வாசனை இல்லை இது.

கற்பூரத்தையும் மெழுகையும் நினைத்துக்கொள்ளுங்கள். கற்பூரத்தைத் திறந்து வைத்தால் நாலு நாளில் காணாமல் போய்விடும். அதன் மூலக்கூறு சின்னது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பலம் குறைவு, அறைச் சூட்டிலேயே பிய்த்துக்கொண்டு பறக்கிறது. மெழுகின் மூலக்கூறு நீளச் சங்கிலி. பக்கத்துச் சங்கிலியோடு உடம்பு முழுக்க ஒட்டிக்கொள்ளும். பறக்காது, தடவின இடத்தில் கிடக்கும். ராணியின் வயிற்று நுனியில், கொடுக்குப் பக்கத்தில், டுஃபூர் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது இந்த மெழுகுச் சாதி, நீள நீளமான ஹைட்ரோகார்பன்கள். ராணி கூட்டின் மேல் நடந்துகொண்டே வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து அதைப் பூசிக்கொண்டே போகிறாள். நடமாடும் இடமெல்லாம் கையெழுத்து. பூச்சு மங்கிப்போனால், அரை மணி நேரம் போல ஆனதும், ராணி இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ராணியின் சுரப்பியை எடுத்து அரைத்துத் தடவியும் பார்த்தார்கள். ராணி இல்லாத பக்கத்தில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தவளின் ஆவேசம் அதற்கே தணிந்தது.

சண்டைக்காரிகள் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பதவிக்கு இல்லை. கூட்டில் தீனி தாராளமாக இருந்தால் அந்த அதட்டல் குறைகிறது. அதாவது, அது வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று வெளியே போகிறவளை இடித்துச் சொல்கிற இடி.

"ஆம்பளைங்க?" என்றார் பெரியம்மா. எப்போது கேட்பார் என்று காத்திருந்தேன்.

ஆண் குளவி கூட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை. பிறந்து சில நாள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிடும், திரும்பி வராது. முடியாதா, செய்வதில்லையா என்று ருசிரா சென் என்ற ஆராய்ச்சியாளர் பார்த்தார். பெண் குளவிகளை எல்லாம் கூட்டிலிருந்து எடுத்துவிட்டு, புழுக்களைப் பசியோடு விட்டு, ஆண்களுக்கு வயிறு நிறைய ஊட்டினார். மிச்சத் தீனியை ஆண்கள் புழுக்களுக்குக் கொடுத்தன. 2006-இல் கதக்கரோடு சேர்ந்து அதை எழுதினார். பெண்கள் வீட்டில் இல்லாமல், தனக்கு வயிறு நிறைந்து, கையில் சாப்பாட்டையும் கொடுத்தால் ஆணும் பிள்ளைக்கு ஊட்டும். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பா பேப்பரைத் திருப்பினார்.

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி, மற்றவள் பெற்ற பிள்ளைக்கு இவள் ஏன் உழைத்துச் சாக வேண்டும் என்பது. 1964-இல் ஹாமில்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு அழகான கணக்குச் சொன்னார். எறும்பு, தேனீ, குளவியில் ஆண் பிறப்பது கருவுறாத முட்டையிலிருந்து. அதனால் அப்பாவிடம் ஒரே செட் மரபணுதான், அதை மொத்தமாக எல்லா மகளுக்கும் கொடுத்துவிடுகிறான். விளைவு, கூடப்பிறந்த அக்கா தங்கைக்குள் முக்கால் பங்கு சொந்தம், பெற்ற மகளோடு பாதிதான். மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம்.

கணக்கு அழகுதான், ஆனால் நம் ஜன்னல் குளவிக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆணோடும் சேர்கிறாள் என்று கதக்கர் குழு எண்பதுகளில் அளந்து பார்த்தது. சகோதரிகளுக்குள் சொந்தம் முக்காலிலிருந்து பாதிக்குப் பக்கம் இறங்கிவிட்டது. ராணிகள் மாறி மாறி வந்தால் இன்னும் குறைவு. வேலைக்காரி சித்தி பிள்ளையை, ஒன்றுவிட்ட தங்கையை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முட்டையிடத் தெரியாதா என்றால், பிறந்ததும் தனியாக எடுத்து வளர்த்தால் ஏறக்குறைய பாதிப் பேர் தாங்களே கூடு கட்டி முட்டையிடுகிறார்கள்.

கதக்கரின் விளக்கம் எனக்குப் பிடித்தது, நம்மூர்க் கூட்டுக்குடும்பக் கணக்கு மாதிரி இருப்பதால். தனியாகக் கூடு கட்டுகிறவள் பிள்ளை வளர்வதற்குள் பல்லியிடமோ பறவையிடமோ சிக்கினால் எல்லாம் போச்சு. முட்டையிலிருந்து இறக்கை முளைக்க வாரக் கணக்கில் ஆகும். அதுவரை அவள் உயிரோடு இருந்தாக வேண்டும். கூட்டில் சேர்ந்து உழைத்தால் பாதியில் செத்தாலும் அவள் ஊட்டிய புழுவை அடுத்தவள் ஊட்டி ஆளாக்கிவிடுவாள். போட்ட உழைப்பு முழுசாகப் போகாது. சொந்தம் குறைச்சலாக இருந்தாலும் இந்தக் காப்பீடு ஈடுகட்டிவிடும். அது போக, என்றைக்காவது தானே ராணியாகும் வாய்ப்பும் இருக்கிறது.

"யாரு அடுத்த ராணின்னு இதுங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இதே கேள்வியை அனிந்திதா பத்ராவும் கதக்கரும் கேட்டார்கள். (பத்ரா பின்னாளில் கொல்கத்தாப் பக்கம் தெருநாய்களின் நடத்தையை ஆராயப் போனார்.) ராணி இருக்கும்போது வாரிசைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. உடல் பருமனில்லை, அதட்டல் இல்லை. வயது ஓரளவுக்குத்தான் சொல்லும். அதனால் பழைய கம்பிவலையையே எடுத்தார்கள். கூட்டை இரண்டாக வெட்டி, குளவிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ராணியை இடப்பக்கம் விட்டார்கள். வலப்பக்கம் ஒருத்தி எழுந்தாள். இப்போது இவளையும் ராணியையும் இடம் மாற்றினார்கள். நிஜ வாரிசு என்று ஒருத்தி இருந்தால் குலுக்கலில் அவள் இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம். எழுந்தவள் நிஜ வாரிசென்றால் இடப்பக்கமும் அவளை ஏற்கும். இல்லையென்றால் இடப்பக்கத்தில் இருக்கும் நிஜ வாரிசு எழுந்து, இவள் அடங்க வேண்டும்.

எட்டு கூடுகளில் செய்தார்கள். மூன்றில் முதலில் எழுந்தவளை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டன. மீதி ஐந்தில் அவள் பதவி போய், இரண்டாமவள் எழுந்தாள். அந்த இரண்டாமவளை மறுபடி மாற்றிவிட்டபோது இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டன. மூன்றாவது ஆள் எழவே இல்லை. நிஜ வாரிசை எந்தக் குளவியும் ஒரு தடவைகூட எதிர்க்கவில்லை. 2008-இல் வந்தது இந்தக் கட்டுரை. நாலு வருஷம் கழித்து வேறொரு சோதனையில், ராணியை எடுத்து, அடுத்தவளை எடுத்து, அதற்கடுத்தவளையும் எடுத்துக்கொண்டே போனார்கள். ஐந்து பேர் வரைக்கும் வரிசை சண்டையில்லாமல் நின்றது.

டீ ஆறிவிட்டது. பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் கம்பிக்கு அருகில் போனார். கூட்டின் ஓரத்தில் ஒருத்தி எதுவும் செய்யாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நாலடி நடந்தாள், வயிற்று நுனியை இப்படியும் அப்படியும் இழைத்தாள்.

"இவதானா?"

"இருக்கும்."

"பொட்டு வைக்கிறாங்கன்னியே, எப்படிடா வைக்கிறாங்க? கொட்டாதா?"

"கொட்டும், பெரியம்மா. வாங்கிக்குவாங்க."

பெரியப்பா பந்தத்துக்கென்று எடுத்துவைத்திருந்த பழைய வேட்டித் துணியை மடித்து, சைக்கிள் துடைக்க ஆகும் என்று எடுத்துக்கொண்டு போனார்.