வரிக்கு எதிராக எழும் குரல் செலவுக் கணக்கையும் கேட்க வேண்டும்

ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது. அதற்கு முந்தைய விலை உயர்வு 2007-இல் நிகழ்ந்தது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் குச்சி, அட்டை, மெழுகு, பொட்டாசியம் குளோரேட், சிவப்பு பாஸ்பரஸ் என மூலப்பொருள்கள் எல்லாவற்றின் விலையும் ஏறியது, வரியும் மாறியது. மாறாதிருந்தது தீப்பெட்டியின் விலை மட்டுமே. கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழில் வரிக்குறைப்புக்காக ஏன் இத்தனை ஆண்டுகள் போராடியது என்பதற்கான விடை இந்த விலைத் தேக்கத்தில் இருக்கிறது.

பிற பொருள்களில் வரி கூடினால் விலையில் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ ஏற்றிவிடலாம். நாணயத்தை நீட்டி வாங்கும் பொருளுக்கு அது இயலாது. ஒரு ரூபாய் தீப்பெட்டியை 1.08 ரூபாய்க்கு எந்தப் பெட்டிக்கடையிலும் விற்க முடியாது. எனவே கூடுதல் வரி நுகர்வோரிடம் போய்ச் சேராமல், உற்பத்தியாளரின் ஆதாயத்திலிருந்தும் தொழிலாளியின் கூலியிலிருந்தும் கழிந்துவிடுகிறது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள்; மழை பொய்த்தால் மாற்று வேலையற்ற மானாவாரிக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள்.

2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, கையால் செய்யப்படும் தீப்பெட்டிக்கு 5 சதவீதமும், இயந்திர உதவியோடு செய்யப்படுவதற்கு 18 சதவீதமும் விதிக்கப்பட்டன. சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்தப் பாகுபாடு தெளிவாகத் தோன்றியிருக்கலாம். தொழிற்கூடத்தில் அது அவ்வளவு தெளிவாக இல்லை. குச்சி அடுக்குதல், மருந்தில் முக்குதல், பெட்டியில் நிரப்புதல், லேபிள் ஒட்டுதல், சிப்பமிடுதல் ஆகிய வேலைகளில் எதற்கு மின்விசை பயன்படுகிறது என்பதைப் பொறுத்தே வரி விகிதம் அமைந்தது. ஒரு சிறு இயந்திரம் வாங்கினால் வரி மூன்று மடங்குக்கும் மேல் கூடும் என்றால், தொழிலை நவீனமாக்க யார் முன்வருவார்கள்?

இன்னொரு நுட்பமும் உண்டு. இவ்வரியில், வாங்கிய பொருள்களுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளலாம். கொடுத்த கூலிக்குக் கழிவு கிடையாது. ஆகவே ஒரே விகிதம் விதிக்கப்பட்டாலும், இயந்திரத்தை நம்பிய ஆலையைவிட ஆள்பலத்தை நம்பிய சிறுகூடம் தன் உற்பத்தி மதிப்பில் அதிகப் பங்கை வரியாகக் கட்ட நேர்கிறது. வேலைவாய்ப்பு தரும் தொழிலுக்கு அதுவே தண்டனையாகிவிடுகிறது.

உற்பத்தியாளர்கள் இதை வெறும் முழக்கமாக வைக்கவில்லை; கணக்காக எடுத்துவைத்தார்கள். அதன் பயனாக, 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாத் தீப்பெட்டிகளுக்கும் ஒரே சீராக 12 சதவீதம் என்றானது. 18 சதவீதம் கட்டியவர்களுக்கு அது நிம்மதி. 5 சதவீதம் கட்டிய கைத்தொழில் கூடங்களுக்கோ சுமை. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கே நீக்கப்பட்டு, அதிலிருந்த பொருள்களில் மிகப் பெரும்பாலானவை 5 சதவீதத்துக்கு இறங்கின. தீப்பெட்டியும் அவற்றில் ஒன்று.

தீக்குச்சிக்கும் வரிக்குமான பகை பழையது. 1871-இல் இங்கிலாந்தின் நிதியமைச்சர் ராபர்ட் லோ, நூறு குச்சிகள் கொண்ட பெட்டிக்கு அரை பென்னி வரி விதிக்க முன்மொழிந்தார். கிழக்கு லண்டனின் தீப்பெட்டித் தொழிலாளர்கள் நாடாளுமன்றத்தை நோக்கித் திரண்டு நடந்தார்கள். வரி கைவிடப்பட்டது. ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. இழந்த வருவாயை ஈடுகட்ட அதே அரசு வருமான வரியை உயர்த்தியது. செலவு குறையாதவரை, ஓர் இடத்தில் விலக்கிய வரி இன்னோர் இடத்தில் முளைத்தே தீரும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேறில்லை.

தமிழகத்துக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1970-இல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டபோது, நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். அவ்வாண்டு ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். அந்த இயக்கம் மாநிலம் முழுதும் பரவியது. 1984 டிசம்பரில் நாராயணசாமி நாயுடுவின் இறுதி மூச்சு பிரிந்ததும் கோவில்பட்டியில்தான். பின்னர், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை என்பதில் ஐயமில்லை.

ஆனால், கரிசல் காட்டிலிருந்து பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் வானத்தை நம்பி உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் விதைப்பவரில் பெரும்பகுதியினருக்குக் கிணறும் இல்லை, பம்புசெட்டும் இல்லை. இலவச மின்சாரம் அவர்கள் வயலை எட்டுவதில்லை. வாடகை டிராக்டருக்கு ஊற்றும் டீசலின் மீதான மத்திய, மாநில வரிகளை மட்டும் அவர்கள் தவறாமல் கட்டுகிறார்கள். பொதுப்பணத்தின் பயன் ஒருவருக்கும் சுமை இன்னொருவருக்கும் போய்ச் சேரும் இந்த இடைவெளியை எந்த வரி எதிர்ப்பு இயக்கமும் இதுவரை போதிய அளவு பேசவில்லை.

காரணம் வெளிப்படை. வரியால் பாதிக்கப்படுவோர் தங்களைத் தாங்களே அறிவார்கள். சங்கம் அமைத்து, அமைச்சரைச் சந்தித்து, கடையடைப்பு நடத்துவார்கள். வீண்செலவால் பாதிக்கப்படுவோருக்கோ சங்கம் இல்லை. ஓர் ஊரில் பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் செலவு கோடிக்கணக்கான மக்களிடையே சில காசுகளாகப் பிரிந்துபோகிறது. அந்தச் சில காசுகளுக்காக ஒருநாள் கூலியை இழந்து தெருவுக்கு வர எவரும் துணிவதில்லை. வரிக்குறைப்புக் கோரிக்கைகள் அடிக்கடி வெல்வதும், செலவுக் குறைப்புக் கோரிக்கைகள் அரிதாகவே எழுவதும் இதனால்தான்.

இடையில் கடன் வளர்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாய் என்றும், ஒரு குடும்பத்தின் பங்கு 2,63,976 ரூபாய் என்றும் கணக்கிட்டது. அடுத்த ஆண்டே சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 சதுர அடி வரை 50 சதவீதம் எனப் படிப்படியாக ஏற்றப்பட்டது. அதே 2022-இல் மின்கட்டணமும் உயர்ந்தது. கடன் என்பது ஒத்திவைக்கப்பட்ட வரியே என்பதை இவ்வரிசை உணர்த்துகிறது.

அப்படியானால் வீண்செலவு எது? இங்கே நிதானம் தேவை. தனக்குப் பயன்படாத செலவையெல்லாம் வீண் என்று தள்ளிவிடும் பழக்கம் ஆபத்தானது. 1956-இல் முதல்வர் காமராஜர் இதே கரிசல் மண்ணின் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஏழை மாநிலத்துக்கு அது பெருஞ்செலவு. அந்தச் செலவே பிற்காலத் தமிழகத்தின் எழுத்தறிவுக்கும் ஆயுளுக்கும் வித்தானது. ஆகவே, செலவின் அளவை மட்டும் வைத்து வீண் என்று தீர்ப்பெழுத முடியாது.

மூன்று வகைச் செலவுகளை ஐயமின்றி வீண் எனலாம். கட்டி முடித்தும் பயன்பாட்டுக்கு வராதவை முதல் வகை. உரிய காலத்தில் முடிக்காததால் மதிப்பீடு பெருகிக்கொண்டே போகும் பணிகள் இரண்டாம் வகை. ஒரே கண்மாயை, ஒரே சாலையை அடுத்தடுத்த திட்டங்களின் பெயரில் மீண்டும் மீண்டும் செப்பனிடுவது மூன்றாம் வகை. இம்மூன்றையும் கண்டறியப் பொருளாதாரப் பட்டம் வேண்டியதில்லை. அந்த ஊரில் வாழ்ந்தால் போதும். கண்மாயில் எவ்வளவு வண்டல் அள்ளப்பட்டது என்பது தணிக்கையாளரைவிட அதன் பாசன விவசாயிக்கே நன்கு தெரியும்.

கேட்பதற்கான வழிகளும் உள்ளன. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு இருபது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூட வேண்டும்; 2022 முதல் நகரங்களுக்கும் பகுதி சபை உண்டு. மத்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள் சட்டப்பேரவையில் வைக்கப்படுகின்றன. ஆனால், அவை பெரும்பாலும் கூட்டத்தொடரின் இறுதி நாள்களில் வைக்கப்பட்டு, ஒருநாள் செய்தியாகி மறைந்துவிடுகின்றன. கிராமசபையில் தீர்மானங்கள் வாசிக்கப்படும் அளவுக்கு வரவு செலவு வாசிக்கப்படுவதில்லை.

தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் வரி விகிதத்தைப் பைசா கணக்கில் பிரித்து வாதாடினார்கள்; பயனும் கண்டார்கள். அதே கணக்கறிவை நகராட்சியின் நிதிநிலை அறிக்கை மீதும், ஊராட்சியின் பணிப் பட்டியல் மீதும் செலுத்தினால் என்ன? தொழில் சங்கங்களும், வணிகர் பேரவைகளும், விவசாயிகள் அமைப்புகளும் வரிக்குறைப்பு மனுவோடு, தங்கள் பகுதியில் பயனற்றுக் கிடக்கும் பணிகளின் பட்டியலையும் சேர்த்தே அளிக்கலாம். அப்போது, "வருவாய் இழப்பை எதைக் கொண்டு ஈடுகட்டுவது" என்று அரசு கேட்கும்போது விடை மனுவிலேயே இருக்கும்.

வரியைக் குறைக்கச் சொல்வது குடிமக்களின் உரிமை. கட்டிய வரி எங்கே போனது என்று கேட்பது கடமை. உரிமையை மட்டும் கையில் எடுத்தால், இன்று தீப்பெட்டியிலிருந்து இறங்கும் சுமை நாளை வீட்டு வரியாகவோ மின்கட்டணமாகவோ அதே தொழிலாளியின் தலையில்தான் மீண்டும் ஏறும்.