கணினித் தேர்வும் நம் பிள்ளைகளும்

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் உயர்கல்வி பெறவேண்டும் என்னும் அவா இன்று ஒவ்வொரு கிராமத்திலும் வேரூன்றியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு படிக்கும் பிள்ளையைத் திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்திற்கோ, திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திற்கோ அனுப்பலாமா என்று பெற்றோர் ஆலோசிக்கின்றனர். இவ்விடங்களில் சேர விரும்பும் பிள்ளை கணினியின் முன் அமர்ந்து தேர்வு எழுதியாக வேண்டும். அத்தேர்வு எத்தகையது, அதற்கு வீட்டார் செய்யக்கூடிய உதவி யாது என்று, சங்கங்களைப் பார்வையிட ஊர் ஊராகச் செல்லும் நம்மிடம் அங்கத்தினர் பலர் கேட்பதுண்டு. அவர்கட்குக் கூறியவற்றையே இங்கு ஒழுங்குபடுத்தி எழுதுகிறோம்.

தேர்வின் அமைப்பு

பொறியியல் கல்விக்கான ஜே.இ.இ. மெயின் என்னும் தேர்வு 2013ஆம் ஆண்டில் தொடங்கியது. 2019 முதல் தேசியத் தேர்வு முகமை இதனை நடத்தி வருகிறது. அவ்வாண்டு முதல் பொறியியலுக்கான தாள் முற்றிலும் கணினி வழியாகவே நடைபெறுகிறது. 2025ஆம் ஆண்டுத் தேர்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்று பாடங்களிலும் பாடத்திற்கு 25 வீதம் 75 வினாக்கள் கேட்கப்பட்டன. நேரம் 3 மணி. மொத்த மதிப்பெண் 300. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். விடையளிக்காது விட்ட வினாவிற்கு இலாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு 2022இல் தொடங்கியது. அதுவும் கணினியையே சார்ந்தது.

இத்தேர்வுக்கு இருவகை அறிவு தேவைப்படுகிறது. ஒன்று பாட அறிவு. அது ஆசிரியராலும் இடையறாத உழைப்பாலும் வருவது. மற்றொன்று கருவியைக் கையாளும் பழக்கம். நகரத்துப் பிள்ளை இரண்டாவதை வீட்டிலேயே பெற்றுவிடுகிறது. நம் பிள்ளைகளோ கைப்பேசியில் விரல் பழகியவர்கள். மௌஸ் எனப்படும் சுட்டியைப் பிடித்துப் பழகாதவர்கள். பாடம் தெரிந்தும் கருவி தெரியாமல் மதிப்பெண்ணை இழப்பது பரிதாபமானது. ஆனால் எளிதில் தடுக்கக்கூடியதும் அதுவே. கை பழகாதவரிடம் பட்டுப் பாவை ஒப்படைக்கும் நெசவாளர் எவருமிலர். தேர்வு அறையிலேயே முதன்முதலாகச் சுட்டியைத் தொடும்படி நம் பிள்ளையை விடுவதும் அதை ஒத்ததே.

திரையில் கவனிக்க வேண்டியவை

திரையின் ஒரு புறத்தில் வினா தோன்றும். மறுபுறத்தில் வினா எண்கள் கட்டங்களாக நிற்கும். விடையளித்த வினா பச்சை நிறத்திலும், பார்த்தும் விடையளிக்காத வினா சிவப்பு நிறத்திலும், பிறகு பார்க்கலாம் என ஒதுக்கிய வினா ஊதா நிறத்திலும் காட்டப்படும். மேற்புறத்தில் கடிகாரம் எஞ்சிய நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். நேரம் முடிந்ததும் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

இங்கு ஒரு நுட்பத்தை ஒவ்வொரு பிள்ளையும் மனத்தில் பதித்துக்கொள்ளல் அவசியம். விடையைத் தேர்ந்தெடுத்தபின், ‘சேமித்து அடுத்ததற்குச் செல்க’ என்னும் பொருளுடைய பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தாமல் நேரே மற்றொரு வினா எண்ணைத் தொட்டால், தேர்ந்தெடுத்த விடை பதிவாகாது. சரியான விடையை அறிந்த பிள்ளை இந்தச் சிறு தவறினால் 4 மதிப்பெண்ணை இழக்கும். விடையைப் பதிந்து, மறுபார்வைக்கும் ஒதுக்கிய வினா மதிப்பீட்டுக்குக் கொள்ளப்படும். விடையின்றி ஒதுக்கியது கொள்ளப்படமாட்டாது. எண்ணை விடையாகத் தரவேண்டிய வினாக்களுக்குத் திரையிலேயே எண்பலகை தோன்றும். அதனைச் சுட்டியால் இயக்க வேண்டும். விசைப்பலகைக்கு அங்கு வேலையில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள் மையத்திலேயே தரப்படும்.

கணினி இடையில் நின்றுவிட்டால் என்ன ஆவது என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. பிள்ளை பதறாமல் கண்காணிப்பாளரை அழைக்க வேண்டும். வேறு கணினி ஒதுக்கவும், இழந்த நேரத்தை ஈடுசெய்யவும் தேர்வு விதிகளில் இடமிருக்கிறது.

இவற்றைப் பழக்கிக்கொள்ளப் பணம் செலவிட வேண்டியதில்லை. தேசியத் தேர்வு முகமையே தனது இணையதளத்தில் மாதிரித் தேர்வுகளை இலவசமாக வைத்திருக்கிறது. தேர்வுக்கு முந்தைய சில வாரங்களில் ஞாயிறுதோறும் 3 மணி நேரம் தொடர்ந்து அமர்ந்து ஒரு மாதிரித் தேர்வை எழுதினால் கையும் கண்ணும் பழகிவிடும். அம்மூன்று மணி நேரத்தில் பிள்ளையைத் தார் சுற்றவோ மாட்டுக்குத் தீனி வைக்கவோ அழைக்காதிருப்பது பெற்றோரின் கடமை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதனை வலியுறுத்திக் கூறுகிறோம். வீட்டு வேலை அவர்கள் தலையிலேயே மிகுதியாக விழுகிறது.

மொழி

தமிழ்வழி பயின்ற பிள்ளைகள் ஆங்கிலத்திற்கு அஞ்சிப் பின்வாங்க வேண்டியதில்லை. 2021 முதல் ஜே.இ.இ. மெயின் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடைபெறுகிறது. தமிழைத் தேர்ந்தெடுத்தோருக்கு வினாக்கள் ஆங்கிலத்திலும் கிடைக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது விதி. ஆகவே பாடத்தின் கலைச்சொற்களை இரு மொழிகளிலும் அறிந்து வைத்தல் நலம். மொழியை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும்; தேர்வு நாளில் மாற்ற இயலாது.

விண்ணப்பம்

முதல் அமர்வுக்கான விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் அக்டோபர் இறுதியில் தொடங்கி நவம்பரில் முடிந்துள்ளது. அது நமக்கு வேலை நெருக்கடி மிகுந்த பருவம். தீபாவளிச் சரக்கும் சம்பா சாகுபடியும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றுசேர்ந்து வருங்காலத்தில், ஒரு விண்ணப்பத்தின் கடைசித் தேதி கண்ணுக்குத் தப்பிவிடுவது எளிது. ஆகவே வேண்டிய பத்திரங்களை ஆடி, ஆவணி மாதங்களிலேயே திரட்டி வைத்தல் வேண்டும்.

பெயரை முதலில் சரிபார்க்கவும். நம் நாட்டு வழக்கப்படி தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதுகிறோம். பத்தாம் வகுப்புச் சான்றில் முதலெழுத்தும் ஆதாரில் முழுப்பெயருமாக இருந்தால், பிற்பாடு சிக்கல் எழலாம். அடுத்தது வகுப்புச் சான்றிதழ். மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் சான்று வேறு. மத்திய நிறுவனங்கள் கேட்கும் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்று வேறு. பின்னதை மத்திய அரசு வகுத்த படிவத்திலேயே பெற வேண்டும். வருமான வரம்பும் அதில் கவனிக்கப்படும். பழைய சான்றை நம்பியிராமல், அவ்வாண்டுக்குரிய சான்று எது என்பதைத் தேர்வு அறிவிப்பில் படித்தறிந்து பெறுக. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் கட்டணம் குறைவு.

மதிப்பெண்ணின் பொருள்

இத்தேர்வு பல நாட்களில் பல வேளைகளில் நடைபெறுகிறது. ஒவ்வொரு வேளைக்கும் வினாத்தாள் வேறாதலால், பெற்ற மதிப்பெண்ணை அப்படியே ஒப்பிடுவதில்லை. ‘பெர்சென்டைல்’ என்னும் சதமான அளவே அளிக்கப்படுகிறது. பிள்ளைக்கு 90 வந்தால் நூற்றுக்கு 90 மதிப்பெண் பெற்றதாகப் பொருளன்று; அவ்வேளையில் எழுதியவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்பிள்ளைக்குச் சமமாகவோ குறைவாகவோ பெற்றனர் என்பதே பொருள். இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் 90க்கு மேலேயும் பல்லாயிரவர் நிற்பர். இதை அறியாமல் அளவுக்கு மீறி மகிழ்வதும், பின்னர் பிள்ளையைக் கடிந்துகொள்வதும் நேர்கின்றன. ஜனவரி, ஏப்ரல் என்று இரு அமர்வுகளிலும் எழுதினால் சிறந்த அளவே தரவரிசைக்குக் கொள்ளப்படும். திருச்சிக் கழகத்தின் இடங்களில் பாதி தமிழ்நாட்டு மாணவர்க்கு உரியது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கடன் வாங்குமுன்

பயிற்சி நிலையங்களுக்காகத் தறியையும் நகையையும் அடகு வைக்கலாமா என்று கேட்போர் உளர். அவர்கட்கு நாம் கூறுவது இதுவே: தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேரலாம். அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. எனவே கணினித் தேர்வு ஒரு வாய்ப்பு. அதுவே ஒரே வாய்ப்பு அன்று. குடும்பத்தின் பிழைப்புக் கருவியை அதற்காக ஈடு வைத்தல் தகாது. தேர்வு நன்கு அமையாவிடினும் தம் வாழ்வு முடிந்துவிடவில்லை என்று பிள்ளைகள் அறிந்திருந்தால், அறையில் கை நடுங்காது. அதைப் பிள்ளைகட்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரே.

சங்கத்தின் பணி

நம் சங்க அலுவலகங்கள் பலவற்றில் இன்று கணினி இருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவும் பொதுச் சேவை மையம் நடத்துகின்றன. அலுவல் இல்லாத வேளையில், நிர்வாகக் குழுவின் தீர்மானத்துடனும் காரியதரிசியின் மேற்பார்வையுடனும், ஒரு கணினியை அங்கத்தினரின் பிள்ளைகள் மாதிரித் தேர்வு எழுத ஒதுக்கலாம். கணக்குகள் உள்ள பகுதி பூட்டப்பட்டிருத்தல் அவசியம். பெண் பிள்ளைகள் வருங்கால் பெண் அங்கத்தினர் ஒருவர் உடனிருத்தல் நன்று. விண்ணப்பத் தேதியை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் அமைந்த அரசுப் பள்ளி அருகிலிருப்பின், தலைமையாசிரியரை அணுகி அங்கும் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம்.

சென்ற ஆண்டு எழுதிய பிள்ளை இவ்வாண்டு எழுதும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். ஒருவர் அறிந்தது பலருக்குப் பயன்படுதலே கூட்டுறவு. வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இப்பொருளையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து ஆலோசிக்குமாறு எல்லாச் சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம்.