அந்தக் காலத்துச் சக்கரம், அந்தக் காலத்துக் கண்ணாடி

ஜப்பானில் பழைய கார் பிரியர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ஒன்று உண்டு: ‘தோஜிமோனோ’. ‘அந்தக் காலத்துப் பொருள்’ என்று அர்த்தம். 1970களில் தயாராகி, அன்றைக்கே கடையில் விற்ற சக்கரம், ஸ்டியரிங், கார்புரேட்டர் எல்லாம் தோஜிமோனோ. அதே வடிவத்தில் போன வருடம் வார்த்த சக்கரம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்தப் பெயர் அதற்குக் கிடைக்காது. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் உதிரிபாகம் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களை அதிகம் அலையவைக்கும் கார்களில் ஒன்று நிஸானின் ஃபேர்லேடி இசட். 1969 அக்டோபரில் ஜப்பானில் அறிமுகமானது. அமெரிக்காவுக்கு டட்சன் 240இசட் என்ற பெயரில் போனது. நீண்ட பானட், பின்னால் சரிந்து இறங்கும் கூரை, 2,393 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அமெரிக்காவில் விலை 3,526 டாலர்தான். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எட்டும் விலை. நிஸானின் அமெரிக்கக் கிளையை நடத்திய யுதாகா கதாயாமா இந்தக் காருக்காக விடாப்பிடியாக நின்றவர். ‘மிஸ்டர் கே’ என்று ரசிகர்கள் கொண்டாடிய அவர் 105 வயது வாழ்ந்து 2015இல் மறைந்தார். 1978 வரை இந்த முதல் தலைமுறை இசட் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

விலையைக் குறைவாக வைத்ததால் சில இடங்களில் கை இறுக்கவேண்டி வந்தது. அத்தனை அழகான உடம்புக்கு நான்கரை அங்குல அகலத்தில் ஒல்லியான இரும்புச் சக்கரம், மேலே ஒரு மூடி. வண்டியை வாங்கியவர் முதலில் செய்த வேலை அந்தச் சக்கரத்தைக் கழற்றியதுதான். அமெரிக்க விற்பனையாளர்கள் அலுமினியச் சக்கரம், ஏசி என்று கடையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். ஜப்பானில் யோகோகாமாவின் வதனாபே நிறுவனம் வார்த்த எட்டுக்கம்பிச் சக்கரம், சோலெக்ஸ் உரிமத்தில் மிகுனி செய்த கார்புரேட்டர், ‘தகோ ஆஷி’ என்கிற புகைபோக்கிக் குழாய்கள். தகோ ஆஷி என்றால் ஆக்டோபஸ் கால். இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் தனிக்குழாய் வளைந்து வந்து கீழே ஒன்றுசேர்வதைப் பார்த்தால் பெயர்க்காரணம் புரியும்.

ஆகவே, தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நிலைக்கே காரைத் திருப்ப வேண்டும் என்பது முழு உண்மை ஆகாது. 1972இல் தெருவில் ஓடிய இசட் எப்படி இருந்ததோ, அதுவும் உண்மைதான். கூடுதல் பாகங்களோடு செய்யும் சீரமைப்பின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டுப்பாடு வேண்டும். எந்த வருடம், எந்த நாடு என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். 1983 வரை ஜப்பானில் விற்ற உள்நாட்டுக் கார்களுக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி கதவில் இருக்கவில்லை; முன் மட்கார்டின் மேல், டிரைவரின் கைக்கெட்டாத தூரத்தில் நின்றது. ஏற்றுமதிக் காரில் அது கதவில் இருந்தது. கலிபோர்னியாவில் ஓடிய 240இசட்டுக்கு ஜப்பானிய அழகு தருகிறோம் என்று மட்கார்டில் துளை போட்டுக் கண்ணாடி மாட்டுகிறவர்கள் உண்டு. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அந்தத் துளையோடு காரின் சொந்த ஊர்க் கதை அழிந்துவிடுகிறது. இன்னும் சின்ன அடையாளங்களும் உண்டு: ஆரம்பகாலக் காரில் காற்றுத் துவாரங்கள் பின்கதவில் இருந்தன, 1971இல் அவை பின்தூணில் உள்ள வட்டச் சின்னத்துக்கு இடம் மாறின.

ஆசைகளில் உச்சமானது 1971இல் ஜப்பானில் மட்டும் வந்த 240இசட்ஜி. பந்தய அனுமதிக்காகச் செய்த கார். சாதாரண இசட்டைவிட 190 மில்லிமீட்டர் நீண்ட கூர்மூக்கு. சக்கரங்களுக்கு மேல் ரிவெட் அடித்த அகலப்பட்டைகள். அந்த மூக்கைச் சாதாரண இசட்டில் மாட்டும் வழக்கம் இன்றுவரை ஓயவில்லை. இன்னொரு உச்சம் இசட்432. சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம்ஷாஃப்ட். பெயரிலேயே கணக்கு இருக்கிறது. கிட்டத்தட்ட 420 கார்கள்தான் தயாராயின. அதன் மெக்னீசியச் சக்கரத்தைச் செய்தது கோபே எஃகு நிறுவனம்.

இத்தனை கனவுக்கும் முன்னால் துரு வந்து நிற்கும். பேட்டரி அமரும் தட்டு, கால் வைக்கும் தரைத்தகடு, கதவுக்குப் பின்னால் கீழ் மூலை, அடிச்சட்டம் என்று இசட் எங்கே அரிக்கும் என்பது பட்டறைக்காரர்களுக்கு மனப்பாடம். பேட்டரி அமிலம் சொட்டிய இடம் காகிதம்போல உதிரும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. அதற்கு முன் சக்கரம் வாங்கியவர்கள் பலரின் பணம் பாதியிலேயே தீர்ந்துவிடும்.

பழையது எல்லாமே உயர்ந்தது என்று நினைத்தால் கார்புரேட்டர் திருத்திவிடும். புகைக் கட்டுப்பாட்டுக்காக 1973 மாடலுக்கு வந்த தட்டைத்தலைக் கார்புரேட்டர் தகராறு பிடித்தது. அதைக் கழற்றி 1970-72இன் உருண்டைத்தலைக் கார்புரேட்டரை மாட்டுவது அந்நாளிலேயே பரவிய வழக்கம். 1973 காரில் 1972இன் பாகம் இருந்தால் அது தவறா? அன்றைய சொந்தக்காரரே செய்த மாற்றம் என்பதால், அந்தக் காரின் வரலாற்றோடு சேர்த்தே பார்க்கலாம்.

இசட்டின் புகழை வளர்த்தவை பந்தயங்கள். அமெரிக்காவில் பீட்டர் பிராக்கின் பிஆர்இ அணிக்காக ஜான் மார்ட்டன் 1970, 1971 ஆண்டுகளில் சி புரொடக்‌ஷன் பிரிவில் பட்டம் வென்றார். பிராக் வடிவமைத்த முன்காற்றுத் தடுப்பைச் சாதாரண சொந்தக்காரர்களும் வாங்கி மாட்டினார்கள். ஆப்பிரிக்காவின் சஃபாரி ரேலியை 240இசட் 1971, 1973 ஆண்டுகளில் வென்றது. இரண்டாவது முறை ஓட்டியவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளி வீரர் சேகர் மேத்தா. 1971இல் வென்ற கார் ஜப்பானில் ஜாமாவிலுள்ள நிஸானின் பாரம்பரியக் கூடத்தில் இருக்கிறது. 2013இல் நிஸான் ஊழியர்களே அதைச் சீரமைத்து ஓட வைத்தார்கள்.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்க நிஸானே பழைய 240இசட்களை வாங்கிச் சீரமைத்து, சுமார் 25,000 டாலருக்கு ஷோரூமில் விற்றது. 2020 ஜனவரியில் சீரமைப்பே காணாத ஒரு 1971 மாடல் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. விலை இப்படி ஏறியதால், பாகத்தின் வயதைக் குறித்துப் பொய் சொல்லும் ஆசையும் ஏறியிருக்கிறது. இன்று வார்த்ததை இன்று வார்த்தது என்று எழுதிவைப்பது அடுத்து வாங்குபவருக்குச் செய்யும் மரியாதை.

தவிர, ஐம்பது வருட மெக்னீசியம் அரித்து விரிசல் விடக்கூடியது. பழைய டயர் இறுகிப் பிடியிழந்திருக்கும். எனவே சில சொந்தக்காரர்கள் கோபே சக்கரங்களைக் கண்காட்சி நாளுக்கென்று துணி சுற்றி வீட்டுக்குள் வைத்திருப்பார்கள். மற்ற நாட்களில் கார் புது ரப்பரோடு, இன்றும் தயாராகும் வதனாபே அலுமினியச் சக்கரத்தில் ஓடும்.