எண்ணூறு கோடி ஆண்டுகளுக்கு முந்திய வானொலி

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை காரணமாகப் பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைச் சுழற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலியை இயக்கி, இரைச்சலுக்கு நடுவே செய்தி கேட்டவர்கள் நாம். இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிய குரலொன்றைப் பிரித்தெடுக்கும் இதே முயற்சியைத்தான் ரேடியோ வானியலாளர்கள் பேரளவில் மேற்கொண்டு வருகின்றனர்.

பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். விண்மீன்கள் எக்காலத்திலும் ஒரே வேகத்தில் பிறந்ததில்லை. சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உச்சத்திலிருந்த அவ்வேகம் இன்று ஏறக்குறைய பத்திலொன்றாகக் குறைந்துவிட்டது. இதற்குக் காரணம் என்ன என்பதே நீண்டகாலமாக இருந்துவந்த கேள்வி.

விண்மீன்களின் மூலப்பொருள் ஐதரசன் வாயு. அதன் அணு 21 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் மிகமெல்லிய ரேடியோ அலையை வெளியிடுகின்றது. தனியோர் அணு தானாக இவ்வலையை வெளியிடுவதற்குச் சராசரியாக 1 கோடி ஆண்டுகள் ஆகும் எனில், அதன் நலிவை ஊகித்துக்கொள்ளலாம். தொலைதூர விண்மீன் மண்டலமொன்றிலிருந்து வரும் அலையோ, பிரபஞ்ச விரிவினால் இருமடங்காக நீண்டு, மேலும் நலிந்தே பூமியை வந்தடைகின்றது. கி.பி. 964 அளவில் அல் சூபி எனும் பாரசீக வானியலாளர் சிறு மேகமெனக் குறித்துவைத்த அன்ட்ரோமெடா, வெறுங்கண்ணுக்கே தெரியும் அண்டைவீட்டு மண்டலம். இங்கே பேசப்படுபவையோ அதனினும் ஆயிரக்கணக்கான மடங்கு தொலைவில் உள்ளவை.

இந்தியாவின் புனே நகருக்கு வடக்கே, கோடாத் கிராமத்தை மையமாகக் கொண்டு, 45 மீற்றர் விட்டமுள்ள 30 அன்ரனாக்கள் நிறுவப்பட்டுள்ளன. புனே, பெங்களூரு ஆய்வாளர்கள் இவற்றைக் கொண்டு 7653 விண்மீன் மண்டலங்களின் சமிக்ஞைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினர். இரைச்சல் ஒழுங்கற்றது. ஆதலால் கூட்டும்போது ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். உண்மையான சமிக்ஞையோ ஓங்கி எழும். 2020 ஒக்டோபரில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான அவர்களது முடிவு இதுதான்: சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அம்மண்டலங்களில் வாயு நிறையவே இருந்தது. ஆனால் அன்று விண்மீன்கள் பிறந்த வேகத்துக்கு அது 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதுமானது. வெளியிலிருந்து போதிய புதுவாயு வந்துசேரவில்லை என்பதே அவர்களது விளக்கம். இறைக்கும் வேகத்துக்கு ஊற்றுச் சுரக்காத தோட்டக்கிணற்றை அறிந்த குடாநாட்டு விவசாயிக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தொலைநோக்கியைத் திட்டமிட்ட கோவிந்த் சுவரூப், அவ்வாய்வு வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்னரே காலமானார். அவர் 1970 இல் தமிழகத்தின் உதகமண்டலத்தில் 530 மீற்றர் நீளமான ரேடியோ தொலைநோக்கியை அமைத்தபோது, அவ்விடத்தின் அகலக்கோட்டுக்கு இணையாக, ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலைச்சரிவொன்றைத் தேடிப் பிடித்தார். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சிற் சுழற்றினாலே விண்பொருளைப் பின்தொடர முடிந்தது. கோடாத்திலும் கனத்த உலோகத் தகடுகளுக்குப் பதிலாக, மீன்வலை போல இழுத்துக் கட்டப்பட்ட மெல்லிய கம்பிவலையையே பயன்படுத்தினார். பணத்தட்டுப்பாடு அவருக்குத் தடையாக அன்றி, வடிவமைப்பின் ஒரு நிபந்தனையாகவே இருந்தது.

ரேடியோ வானியலுக்கு இருளும் வேண்டியதில்லை, மேகமற்ற வானமும் வேண்டியதில்லை. மாரிமழை மூட்டத்திலும் 21 சென்ரிமீற்றர் அலை தடையின்றி வந்துசேரும். தகரத்தால் செய்த கூம்பு அன்ரனா, விலைகுறைந்த ரேடியோ ஏற்பி, ஒரு கணினி ஆகியவை இருந்தால் எமது பால்வீதியின் ஐதரசனைப் பாடசாலை மாணவரும் பதிவுசெய்யலாம். பிறநாட்டு மாணவர்கள் பலர் இதனைச் செய்து வருகின்றனர். குடாநாட்டின் உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பாடசாலைகளுள் ஒன்றாயினும் இதனை ஆரம்பிக்க வேண்டும். அதற்கான சிறுசெலவை ஏற்கப் பழைய மாணவர் சங்கங்கள் முன்வர வேண்டும்.