லாயத்தின் பின்பக்கம்

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் வாழை இலையும் முருங்கைக்காயும் வாங்கிய கையோடு டீக்கடையில் ஒதுங்கினோம். பக்கத்து வீட்டு மாமாவின் பேத்தி குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். கூரையில் சோலார் தகடு பதித்து, ‘பசுமைப் பள்ளி’ என்று பலகையும் மாட்டியிருக்கிறார்களாம். “பலகையெல்லாம் சரி, லாயத்துக்குள்ள போனா கண்ணு எரியறதே, ஏம்ப்பா?” என்றார் மாமா.

அந்த எரிச்சலிலிருந்தே ஆரம்பிக்கலாம். குதிரையின் மூத்திரத்தில் யூரியா இருக்கிறது. சாணத்திலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாக மாற்றிவிடும். நின்றபடி போய்வருகிற நமக்கே கண் எரிகிறது. தரையில் படுத்து மூச்சு விடுகிற குதிரையின் நுரையீரல் என்ன பாடுபடும்? அமோனியாவில் இருப்பது நைட்ரஜன். செடிக்குப் போக வேண்டிய உரம் காற்றோடு போகிறது என்று அர்த்தம். இதற்கு வழி தீனித்தொட்டியிலேயே இருக்கிறது. கொள்ளும் கடலையும் அளவுக்கு மீறி வைத்தால், உடம்புக்குப் போக மிஞ்சிய புரதம் மூத்திரத்தில் இறங்கிவிடும். குழந்தைகளைச் சுமந்து மெதுவாக வட்டமடிக்கும் குதிரைக்குப் பந்தயக் குதிரையின் தீனி எதற்கு? நல்ல புல் வயிறு நிறையக் கிடைத்தால் பெரும்பாலும் போதும்.

கல்கத்தா குதிரைக்குப் புதிய ஊரல்ல. டர்ஃப் கிளப் 1847இல் வந்தது, போலோ கிளப் 1862இல். மைதானத்தில் குதிரைப் போலீஸை இன்றும் பார்க்கலாம். 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கம்பெனிக்காரர்கள் அங்கிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். அந்தக் குடும்பத்தின் கையிலிருந்த நிலத்தில்தான் 1895இல், குதிரையேற்றத்துக்கும் இடமுள்ள டாலிகஞ்ச் கிளப் எழுந்தது. நம் வேலூருக்கும் இந்த ஊர்க் குதிரைக்கும் இப்படி ஓர் ஒட்டுறவு.

சரி, லாயத்துக் கழிவின் கணக்குக்கு வருவோம். 500 கிலோ எடையுள்ள குதிரை சாணமும் மூத்திரமுமாக நாளொன்றுக்கு 20 கிலோவுக்கு மேல் கழிக்கும். நனைந்த படுக்கையையும் சேர்த்து அள்ளினால் 25, 30 கிலோ ஆகும். 20 குதிரை கட்டிய பள்ளியில் தினமும் அரை டன். சோலார் தகடு இதைத் தொடவே தொடாது.

“எருதானே, கொட்டி வெச்சா மக்கிட்டுப் போறது” என்றார் மாமா. மக்கும்தான், ஆனால் குதிரைக்குக் கீழே படுக்கையாக என்ன பரப்பியிருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. குதிரைச் சாணத்தில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கார்பன் ஏறத்தாழ 25, 30 பங்கு. நுண்ணுயிர்களுக்கு இது அளவான சாப்பாடு. மரச்சீவலில் அதே கணக்கு சில நூறைத் தாண்டும். சீவலை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பரப்பினால் குவியல் நைட்ரஜன் இல்லாமல் பட்டினி கிடக்கும். அந்த அரைகுறை எருவைத் தோட்டத்தில் போட்டால், அது மண்ணிலிருக்கிற நைட்ரஜனையும் பிடுங்கிக்கொண்டு செடியை வெளுக்க வைக்கும். வைக்கோல் இதைவிடச் சீக்கிரம் மக்கும். வங்காளத்தில் வைக்கோலுக்கா பஞ்சம்? தூசு அதிகம், ஈரத்தைச் சீவல் அளவுக்கு உறிஞ்சாது என்பது உண்மைதான். கீழே ரப்பர் விரிப்பைப் போட்டு, தூசு தட்டிய வைக்கோலை மெல்லிசாகப் பரப்பி, நனைந்ததை மட்டும் அன்றாடம் அள்ளினால் சமாளிக்கலாம்.

அடுத்தது மழை. இந்த ஊரில் வருஷத்துக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள். திறந்தவெளிக் குவியல் என்றால் அதன் சாறு முழுக்கச் சாக்கடைக்குப் போகும். சாக்கடையாகிப்போன ஆதி கங்கைக் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. குவியலுக்கு மேலே தகரக் கொட்டகை, கீழே சிமென்ட் தளம், வடிகிற சாற்றைப் பிடிக்க ஒரு தொட்டி. என்னைக் கேட்டால், பள்ளியின் முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

குவியலை இடுப்புயரத்துக்குக் கட்ட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டுதான் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் கூடுதல், உதிர்ந்தால் குறைவு. பதம் சரியாக இருந்தால் சில நாளில் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். பாரிஸ் தோட்டக்காரர்கள் இந்தச் சூட்டை வைத்துத்தான் அந்தக் காலத்தில் குளிர்காலத்திலும் கீரை வளர்த்தார்கள். வெளிப்பக்கம் உள்ளே போகும்படி நாலைந்து தடவை புரட்டிவிட்டால் புழு முட்டையும் களை விதையும் சாகும். ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் உழவர்களின் வழக்கத்தைப் பார்த்து முறைப்படுத்தி, 1931இல் புத்தகமாக எழுதியதும் இந்த மாதிரி அடுக்கிப் புரட்டும் வேலையைத்தான்.

இன்னொன்று குதிரைக்குக் கொடுக்கும் வயிற்றுப் பூச்சி மருந்து. ஐவர்மெக்டின் கொடுத்தால் அதில் பெரும்பங்கு சாணத்தோடு வெளியே வந்து, சாணத்தை மண்ணுக்குள் இழுத்துப் புதைக்கிற வண்டின் புழுக்களைக் கொல்லும். எல்லாக் குதிரைக்கும் மாதம் தவறாமல் புகட்டுவதை விட்டுவிட்டு, சாணத்தில் புழு முட்டை எண்ணிப் பார்த்து, தேவைப்படுகிற குதிரைக்கு மட்டும் கொடுக்கலாம். மருந்துச் செலவும் குறையும், வயிற்றுப் புழுக்கள் மருந்துக்குப் பழகிப்போவதும் தள்ளிப்போகும்.

“அவ்வளவு எருவை யார் வாங்குவா?” என்றார் மாமா. கழிவைச் சோறாக்குவதில் இந்த ஊரை மிஞ்ச முடியாது. ஊர்க் குப்பையைக் கொட்டும் தாபாவில் குப்பை மண்ணில் காய்கறி விளைகிறது. பக்கத்துச் சதுப்பு நிலக் குளங்களில் நகரத்துச் சாக்கடை நீரில் மீன் வளர்க்கிறார்கள். 2002இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. மொட்டைமாடி ரோஜாத் தொட்டிக்காரர்களே போதும், மூட்டை தீர்ந்துவிடும். விற்பதற்கு முன் ஒரு தொட்டியில் அந்த எருவை நிரப்பி முள்ளங்கி விதை தூவிப் பார்க்கச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் பச்சையாக முளைத்தால் பதம் சரி. முளைக்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் கொட்டகையிலேயே கிடக்கட்டும்.